வாத்தியார் கொடுத்த சொல்லும், நாம கொண்டு போன சொல்லும்

1822, நவம்பர் 23. கோயமுத்தூர் ஜில்லா கலெக்டர்கிட்ட இருந்து சென்னைக்கு ஒரு கடிதம் போகுது. மதராஸ் கவர்னரா இருந்த தாமஸ் மன்றோ, ஒவ்வொரு ஜில்லாவுலயும் எத்தனை பள்ளிக்கூடம் இருக்கு, யாரெல்லாம் படிக்கறாங்கன்னு கணக்குக் கேட்டிருந்தார். அதுக்கான பதில் அது. அப்போ இங்கே கலெக்டர் ஜான் சல்லிவன். ஆமாங்க, ஊட்டியை 'கண்டுபிடிச்ச' அதே சல்லிவன்தான். (அங்கே ஏற்கனவே குடியிருந்த தோடரும் படுகரும் இதைக் கேட்டு என்ன நினைச்சாங்களோ!)

அந்தக் கடிதத்துல இருக்கற கணக்கு: ஜில்லா முழுக்க 763 பள்ளிக்கூடம். 8,206 பிள்ளைங்க. அதுல பெண் பிள்ளைங்க 82 பேர். நூத்துக்கு ஒண்ணு. ஆங்கிலேயர் போட்ட சாதிப் பட்டியல்ல 'இதர சாதியினர்'னு கடைசிக் கட்டத்துல ஒதுக்கப்பட்டவங்க 226 பேர். மீதி எல்லாம் மத்தவங்க வீட்டுப் பையன்கள். காந்தியவாதி தரம்பால் 1983-ல 'த பியூட்டிஃபுல் ட்ரீ'ங்கற புத்தகத்துல இந்தக் கடிதங்களை எல்லாம் தேடித் தொகுத்துப் போட்டார். அந்தப் புத்தகத்தை வெச்சு 'அந்தக் காலத்துல எல்லாரும் படிச்சாங்க'ன்னு ஒரு கோஷ்டியும், 'எங்கே படிச்சாங்க'ன்னு இன்னொரு கோஷ்டியும் இன்னிக்கு வரைக்கும் சண்டை போட்டுட்டு இருக்கு. நான் அந்தச் சண்டைக்குள்ள போகலை. பொட்டி தட்டறவன்கிட்ட ஒரு கணக்கு மாட்டினா முதல்ல வகுத்துத்தானே பார்ப்பான்? 8,206-ஐ 763-ஆல வகுத்தேன். ஒரு பள்ளிக்கூடத்துக்கு 11 பிள்ளைங்க கூட இல்லை!

பதினொரு பிள்ளைங்க, ஒரு வாத்தியார். காலையில 6 மணியில இருந்து 10 மணி வரைக்கும், மறுபடி மத்தியானம் 2 மணியில இருந்து ராத்திரி 8 மணி வரைக்கும் வகுப்பு. அஞ்சு வயசுல சேர்ந்தா பதிமூணு, பதினாலு வயசு வரைக்கும். சம்பளம், பெத்தவங்க வசதியைப் பொறுத்து வருஷத்துக்கு 3 ரூபாயில இருந்து 14 ரூபாய் வரைக்கும். அமாவாசைக்கு ரெண்டு நாள், பௌர்ணமிக்கு ரெண்டு நாள் லீவு. (ஞாயித்துக்கிழமை கிடையாது.)

ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம், பதினொரு குழந்தைங்க. அவ்வளவு நேரத்துல அந்தக் குழந்தைங்க என்ன பேசியிருப்பாங்க? சொந்தமா ஒரு வாக்கியமாவது சொல்லியிருப்பாங்களா? இந்தப் பதிவே அதைப் பத்தித்தான்.

*

திண்ணைப் பள்ளிக்கூடம் எப்படி நடந்ததுன்னு ஓரளவுக்குத் தெரியும். மணலைப் பரப்பி விரலால எழுதணும். எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லணும். பெரிய பையன் சொல்ல, சின்னப் பசங்க கூடச் சேர்ந்து சொல்லணும். அந்தப் பெரிய பையன்தான் சட்டாம்பிள்ளை. அரிச்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடின்னு வரிசையா மனப்பாடம். அர்த்தமெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்.

கேலி பண்ண வேண்டியதில்லை. அதுல ஒரு சூட்சுமம் இருந்தது. ஓசையும் கை அசைவும் ஒண்ணாப் போகும். காகிதம், பலகை, புத்தகம்னு எந்தச் செலவும் கிடையாது. இதைப் பார்த்துத்தான் ஆண்ட்ரூ பெல்ங்கற ஸ்காட்லாந்து பாதிரியார் 1789 வாக்குல எழும்பூர் ராணுவ அநாதைப் பிள்ளைகள் விடுதியில மணல் எழுத்தையும், மாணவனே மாணவனுக்குச் சொல்லித் தர்ற முறையையும் கொண்டு வந்தார். 1797-ல அதைப் பத்தி லண்டன்ல ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அது 'மெட்ராஸ் சிஸ்டம்'ங்கற பேர்ல இங்கிலாந்து முழுக்கப் பரவுச்சு. ஸ்காட்லாந்துல அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊர்ல 'மெட்ராஸ் காலேஜ்'னு ஒரு பள்ளிக்கூடம் இன்னமும் இருக்கு. நம்ம சட்டாம்பிள்ளை கப்பல் ஏறின கதை இது.

உ.வே.சா. தன் வரலாற்றுல ஒரு வழக்கத்தைப் பத்திச் சொல்றார். அவர் தஞ்சாவூர்க்காரர், ஆனாலும் நம்ம விஷயத்துக்கு ரொம்பத் தேவையான தகவல். சாயங்காலம் பள்ளிக்கூடம் விடறப்ப வாத்தியார் ஒவ்வொரு பையனுக்கும் ஒரு பேரைச் சொல்லி அனுப்புவாராம். ஒரு பூவோட பேர், ஒரு பறவை பேர், ஓர் ஊர்ப்பேர், இப்படி. பையன் அதை ராத்திரி முழுக்க மறக்காம வெச்சிருந்து மறுநாள் காலையில வந்து சொல்லணும். ஞாபக சக்திக்குப் பயிற்சி.

இதைப் படிச்சப்ப எனக்கு அந்தப் பையனோட அம்மா ஞாபகம்தான் வந்தது. அவன் வாயில அந்தப் பூ பேரை முணுமுணுத்துக்கிட்டே வீட்டுக்குள்ள வர்றான். அம்மா அதைக் கேட்டு, 'அட, அது நம்ம கொல்லையிலயே இருக்குதே, நாம அதை இப்படிச் சொல்லுவோம்'னு வேற ஒரு பேர் சொல்லியிருக்கலாம். அந்தப் பேர் மறுநாள் வகுப்புக்குப் போயிருக்குமா? வாத்தியார் கேட்கறது அவர் கொடுத்த சொல்லை மட்டும்தான். சொல் பள்ளிக்கூடத்துல இருந்து வீட்டுக்குப் போகும், பத்திரமாத் திரும்பி வரும். வீட்டுல இருந்து புதுசா ஒரு சொல் கிளம்பி வகுப்புக்குள்ள வர்றதுக்கு வழி வெக்கலை.

என்னைப் பொறுத்தவரை, வகுப்பறையில குழந்தையோட மொழி வளர்ந்த வரலாறுன்னா இந்த எதிர்த்திசை வழி எப்ப, யாரால திறந்ததுங்கற வரலாறுதான்.

*

இது ஏன் கொங்கு நாட்டுல கூடுதல் முக்கியம்? தமிழுக்கே ரெண்டு முகம் இருக்கு, பேசறது ஒண்ணு, எழுதறது ஒண்ணு. எல்லா ஊர்ப் பிள்ளைக்கும் அந்தச் சிக்கல் உண்டு. நம்ம ஊர்ல அதுக்கு மேல இன்னும் ஒரு அடுக்கு. சல்லிவன் காலத்து ஜில்லாங்கறது ஈரோடு, கரூர், நீலகிரி, கொள்ளேகால் வரைக்கும் பரந்து கிடந்தது. கொள்ளேகால் 1956-ல மைசூரோட போச்சு. ஆனா மொழிகள் இங்கேயேதான் இருக்கு. கம்மவார் வீடுகள்ல தெலுங்கு, தேவாங்க நெசவாளர் வீடுகள்ல கன்னடம், ஆனைகட்டி மலையில இருளம், பாலக்காட்டு எல்லையில மலையாளம். இதெல்லாம் போக, தமிழே பேசற வீட்டுலயும் ஒறம்பரை, அப்புச்சி, அமுச்சி, சீமாறு, பொழுதோட, அக்கட்ட. இந்தச் சொல் எதுவும் ஒண்ணாம் வகுப்புப் பாடப் புத்தகத்துல இருக்காது.

ஒரு குழந்தை எந்திரிச்சு, "டீச்சர், நேத்து எங்கூட்டுக்கு ஒறம்பரை வந்துச்சுங்"னு சொல்லுதுன்னு வெச்சுக்குவோம். டீச்சருக்கு ரெண்டு வழி இருக்கு.

ஒண்ணு: "ஒறம்பரைன்னு சொல்லக் கூடாது. விருந்தினர்னு சொல்லு. உட்காரு."

ரெண்டு: "அப்படியா சாமி! யாரு வந்தாங்க? விருந்தாளிக்கு அம்மா என்ன சமைச்சாங்க?"

முதல் வழியில குழந்தை ஒரு சொல்லைக் கத்துக்குது, அதோட பேச்சும் நின்னு போகுது. ரெண்டாவதுல குழந்தை இன்னும் நாலு வாக்கியம் பேசும். 'விருந்தாளி'ங்கற சொல்லும் காதுல விழுந்தாச்சு. ரெண்டு மூணு வாட்டி கேட்டா அதுவே வாயில வரும். மொழி வளர்ச்சி பத்திப் படிச்சவங்க ரெண்டாவது வழிக்குப் பெரிய பெரிய பேரெல்லாம் வெச்சிருக்காங்க. நடைமுறையில விஷயம் இவ்வளவுதான்: குழந்தை சொன்னதை வாங்கிக்கறது, கொஞ்சம் பெருசாக்கித் திருப்பித் தர்றது, அடுத்த கேள்வியைக் கேட்டுட்டுக் காத்திருக்கறது. நாப்பது பிள்ளைங்க இருக்கற வகுப்புல கடைசி வேலைதான் ரொம்பக் கஷ்டம்.

எனக்கே ஒண்ணு நடந்தது. சிறுமுகைப் பக்கம் தறிக்காரங்க குடும்பம் எங்களது. வீட்டுல கன்னடம், தெருவுல கொங்குத் தமிழ். ஒண்ணாம் வகுப்புல ஒரு நாள் நான் தண்ணி வேணும்னு கேட்கறதுக்கு "நீரு"ன்னு சொல்லிட்டேன். வகுப்பே சிரிச்சது. டீச்சர் சிரிக்கலை. போர்டுல பெருசா 'நீர்'னு எழுதினாங்க. "இவன் சொன்னதுதான் புத்தகத்துல இருக்குது. நீங்கல்லாம் சொல்ற தண்ணிக்குள்ளயும் இந்த நீர்தான் ஒளிஞ்சிருக்குது"ன்னு சொல்லிட்டு, தண் + நீர்னு பிரிச்சுக் காட்டினாங்க. அப்புறம் என்னைப் பார்த்து, "பாலுக்கு உங்கூட்ல என்ன சொல்லுவீங்க?"ன்னாங்க. ஹாலு. பூவுக்கு? ஹூவு. பல்லுக்கு? ஹல்லு. தமிழ்ல 'ப' வர்ற இடத்துல கன்னடத்துல 'ஹ' வருதுன்னு ஒரு வகுப்பு முழுக்க ஆறு வயசுலயே கண்டுபிடிச்சோம். இதைத்தான் மொழியியல்ல ஒலி மாற்றம்னு பக்கம் பக்கமா எழுதியிருக்காங்கன்னு காலேஜ் முடிச்ச பிறகுதான் தெரியும். அந்த டீச்சருக்கு மொழியியல் தெரியுமான்னு எனக்குத் தெரியாது. வீட்டுச் சொல்லை வகுப்புக்குள்ள கூப்பிடத் தெரிஞ்சிருந்தது.

*

இந்த வழியைப் பெரிய அளவுல திறந்தவங்கள்ல நம்ம மண்ணுக்காரர் ஒருத்தரைச் சொல்லியே ஆகணும். பெ. தூரன். 1908-ல மொடக்குறிச்சி பக்கம் மஞ்சக்காட்டுவலசுல பிறந்தவர். பாட்டுக்காரங்களுக்கு அவர் சாகித்யகர்த்தா. ஆனா அவர் பிழைப்புக்குப் பார்த்தது வாத்தியார் வேலை. முதல்ல கோபிசெட்டிபாளையத்துல, அப்புறம் கோவை ராமகிருஷ்ண வித்யாலயத்துல, 1948 வரைக்கும். பகத்சிங்கைத் தூக்குல போட்ட 1931-ல பி.ஏ. தேர்வு எழுதாமப் பட்டத்தையே விட்டவர்.

வித்யாலயத்தை 1930-ல தொடங்கினவர் திருப்பூர் தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார். பின்னால 1946-ல இருந்து 1949 வரைக்கும் சென்னை மாகாணக் கல்வி அமைச்சர். உயர்நிலைப் பள்ளிகள்ல பாடமொழியாத் தமிழைக் கொண்டு வர முன்னாடி நின்னவர். தமிழ்ல பாடம் நடத்தணும்னா தமிழ்ல புத்தகம் வேணுமே? 1946-ல தமிழ் வளர்ச்சிக் கழகம் தொடங்கினார். கலைக்களஞ்சியம் போடற வேலையை எடுத்தாங்க. முதன்மை ஆசிரியர் நம்ம தூரன். முதல் தொகுதி 1954, பத்தாவது தொகுதி 1968. ஓய்வெடுப்பார்னு பார்த்தா, உடனே குழந்தைகளுக்குன்னு தனியா ஒரு கலைக்களஞ்சியம். அதுவும் பத்துத் தொகுதி, 1968-ல இருந்து 1976 வரைக்கும்.

கலைக்களஞ்சியம்ங்கறது வாத்தியார் பக்கத்துல இருந்து குழந்தைக்குப் போற சொல். திண்ணை வாத்தியார் சாயங்காலம் கொடுத்த பூவோட பேர் மாதிரி, பல்லாயிரம் மடங்கு பெருசா. அதே தூரன் இன்னொரு வேலையும் செஞ்சார். கொங்கு நாட்டுக் காட்டுலயும் தோட்டத்துலயும் ஜனங்க பாடின நாட்டுப் பாடல்களைத் தேடி 'காற்றில் வந்த கவிதை'ன்னு புத்தகமாப் போட்டார். குழந்தையோட மனசைப் புரிஞ்சுக்கணும்னு 'குழந்தை மனமும் அதன் மலர்ச்சியும்' எழுதினார். வீட்டுல இருந்து வர்ற சொல்லும் வேணும், வெளியில இருந்து போற சொல்லும் வேணும்னு ரெண்டு கையாலயும் வேலை செஞ்ச மனுஷன். தாலாட்டு, ஒப்பாரி, ஏத்தப்பாட்டு எல்லாம் 'படிக்காதவங்க சமாச்சாரம்'னு ஒதுக்கிட்டிருந்த காலத்துல ஒரு வாத்தியார் அதைக் காது கொடுத்துக் கேட்டார்ங்கறது சின்ன விஷயம் இல்லை.

வெளியிலயும் இதே யோசனை ஓடியிருக்கு. குஜராத் பாவ்நகர்ல வக்கீல் தொழிலை விட்டுட்டு வாத்தியாரான கிஜுபாய் பதேகா எழுதின கதை தமிழ்ல 'பகல் கனவு'ன்னு வந்திருக்கு. அதுல வாத்தியார் நாலாம் வகுப்புக்குள்ள போனதும் பாடப் புத்தகத்தைத் திறக்க மாட்டார், கதை சொல்லுவார். நியூசிலாந்துல சில்வியா ஆஷ்டன்-வார்னர்னு ஒரு டீச்சர். மாவோரிக் குழந்தைங்களுக்குப் பாடம் எடுத்தவங்க. ஆங்கிலேயக் குழந்தைக்காகப் போட்ட பாடப் புத்தகம் இந்தக் குழந்தைங்ககிட்ட எடுபடலை. அதனால காலையில ஒவ்வொரு குழந்தையையும் கூப்பிட்டு, "இன்னிக்கு உனக்கு என்ன சொல் வேணும்?"னு கேட்பாங்க. பேய், முத்தம், அம்மா, அடின்னு குழந்தை எதைச் சொல்லுதோ அதை ஒரு அட்டையில எழுதிக் கொடுப்பாங்க. மறுநாள் அதைக் குழந்தையால வாசிக்க முடியலைன்னா அட்டையைத் தூக்கிப் போட்டுடுவாங்க. குழந்தைக்கு மார்க் குறையாது. அந்தச் சொல் அதுக்கு முக்கியமில்லைன்னு அர்த்தம், அவ்வளவுதான். 1963-ல 'டீச்சர்'ங்கற புத்தகத்துல இதையெல்லாம் எழுதினாங்க.

உ.வே.சா. சொன்ன திண்ணை வாத்தியாரையும் இந்த டீச்சரையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்திப் பாருங்க. ரெண்டு பேருக்கும் ஒரு குழந்தைக்கு ஒரு சொல்தான் கணக்கு. ரெண்டு பேரும் மறுநாள் காலையில கேட்பாங்க. சொல்லைத் தேர்ந்தெடுக்கறது யாருங்கறதுல மட்டும்தான் வித்தியாசம்.

*

நம்ம காலத்துக்கு வருவோம். 2003-ல சென்னை மாநகராட்சியோட 13 பள்ளிகள்ல செயல்வழிக் கற்றல் தொடங்குச்சு. பின்னாடி இருந்தவர் எம்.பி. விஜயகுமார் ஐ.ஏ.எஸ். யோசனை வந்தது ஆந்திராவுல ரிஷி வேலிப் பள்ளியோட கிராமப்புற மையத்துல இருந்து. 2007-08-ல தமிழ்நாடு முழுக்க அரசு தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவுச்சு. நான் அப்போ அஞ்சாவது, அதனால அது எனக்குக் கிடைக்கலை. என் சித்தி பையன் ஒண்ணாவது. அவன் வகுப்பை ஜன்னல் வழியா வேடிக்கை பார்ப்பேன். பெஞ்சு இல்லை, பாய்ல வட்டமா உட்கார்ந்திருப்பாங்க. ஏணிப்படி மாதிரி ஒரு படம், படிக்கு ஒரு அட்டை. அ, ஆ-வுல ஆரம்பிக்காம, ட, ப மாதிரி எழுதறதுக்கு லேசான எழுத்துல ஆரம்பிக்கறது. எனக்குப் பொறாமை கிளப்பினது சுவத்தோட அடியில இருந்த கரும்பலகை. அவங்கவங்க உயரத்துல, ஒவ்வொருத்தனுக்கும் தனியா ஒரு கட்டம்! வாத்தியார் கையில மட்டும் இருந்த சாக்பீஸ் குழந்தை கைக்கு வந்துச்சு.

குறையும் இருந்தது. அட்டையில இருந்தது அச்சடிச்ச சொல்தான். அட்டையை முடிச்சு அடுத்த படிக்குப் போற அவசரத்துல பேச்சு குறைஞ்ச வகுப்புகளும் உண்டு. ஆனா கம்பியில தொங்கற குழந்தைங்களோட படங்கள், அவங்களே நிரப்பற வருகைப் பதிவு, வானிலை அட்டவணைன்னு வீட்டுப் பக்கத்துக் கதவு கொஞ்சம் திறந்துச்சு. கொரோனாவுல பள்ளிகள் மூடி, குழந்தைங்க எழுத்தையே மறந்து வந்தப்ப, 2021 அக்டோபர்ல 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது. தன்னார்வலர்கள் வீட்டுப் பக்கமே போனாங்க. 2022 ஜூன்ல 'எண்ணும் எழுத்தும்'. அதுல வகுப்பு எண்ணை வெச்சுப் பிரிக்காம அரும்பு, மொட்டு, மலர்னு குழந்தையோட நிலையை வெச்சுப் பிரிச்சாங்க. பேரைக் கேட்கவே நல்லா இருக்குதில்ல?

ஆனைகட்டியில 2007-ல பிரேமா ரங்காச்சாரி தொடங்கின வித்யா வனம் பள்ளி இன்னொரு உதாரணம். இருளர் குழந்தைங்களுக்காக வந்த பள்ளி. இருளத்துக்குன்னு தனி எழுத்து கிடையாது. ஆனா அதுக்கு இலக்கணம் எழுதினவர் செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில். எங்கேயோ ஐரோப்பாவுல இருந்து வந்தவர் உட்கார்ந்து கேட்டு எழுதின மொழியை, மலைக்குக் கீழே இருக்கற நாம 'கொச்சைத் தமிழ்'னு சொல்லிட்டுப் போயிடறோம்.

*

பழைய கதைதானேன்னு விட்டுட முடியலை. இன்னிக்குத் திருப்பூர், கோவை அரசுப் பள்ளிகள்ல ஒடியா, இந்தி, வங்காளம் பேசற குழந்தைங்க உட்கார்ந்திருக்காங்க. அப்பா அம்மா பனியன் கம்பெனியிலயோ, பவுண்டரியிலயோ, கட்டட வேலையிலயோ இருக்காங்க. அந்தக் குழந்தை தண்ணிக்கு 'பாணி'ங்குது. வகுப்பு சிரிக்கத்தான் செய்யும். அந்த அரை நிமிஷத்துல டீச்சர் என்ன செய்யறாங்கங்கறதுதான் அந்தக் குழந்தை அடுத்த அஞ்சு வருஷம் வாயைத் திறக்குமா திறக்காதாங்கறதை முடிவு பண்ணும். வாய் மூடிப் போன குழந்தை அப்புறம் பள்ளிக்கூடத்தை விட்டு நிக்கறதுக்கு ரொம்ப நாள் ஆகாது. அடுத்து பனியன் கம்பெனியில செக்கிங் டேபிள்தான்.

அக்கட்ட பக்கம் வேற ஒரு கூத்து. இங்கிலீஷ் மீடியம் பள்ளிகள் பலதுல தமிழ்ல பேசினா ஃபைன். 19-ஆம் நூற்றாண்டுல வேல்ஸ் நாட்டுப் பள்ளிகள்ல தாய்மொழி பேசின பையன் கழுத்துல ஒரு மரக்கட்டையைத் தொங்க விட்டாங்க. அடுத்து எவன் தாய்மொழி பேசறானோ அவன் கழுத்துக்கு அது மாறும். நாகரிகம் முன்னேறிடுச்சு, இப்ப மரக்கட்டைக்குப் பதிலாப் பத்து ரூபா. நம்ம காசைக் கொடுத்து நம்ம பிள்ளையோட சொல்லுக்குத் தாழ்ப்பாள் போடறோம்.

இங்கிலீஷ் வேண்டாம்னு நான் சொல்லலைங்க. அதுலதான் எனக்குச் சோறு. ஆனா என் கூட வேலை பார்க்கறவங்கள்ல எத்தனையோ பேர் கோட் பிரமாதமா எழுதுவாங்க, மீட்டிங்ல மட்டும் வாயைத் திறக்க மாட்டாங்க. எந்த மொழியிலயும் திறக்க மாட்டாங்க. அவங்க ஒண்ணாம் வகுப்புல என்ன சொன்னாங்க, யாரு சிரிச்சாங்கன்னு கேட்கணும் போல இருக்கும்.

தொடர் பதிவா இதைக் கொண்டு போகலாம்னு ஒரு ஆசை. நீங்க வகுப்புக்குக் கொண்டு போன வீட்டுச் சொல் எது, டீச்சர் அதை என்ன பண்ணினாங்க? ஆசிரியரா இருக்கற பதிவர்கள் அந்தப் பக்கத்துக் கதையையும் எழுதுங்க. குறிப்பா, நாப்பது பேர் இருக்கற வகுப்புல காத்திருக்கறதுக்கு நேரம் எங்கே இருந்து கிடைக்குதுன்னு.

டிஸ்கி: ஒறம்பரைங்கறது 'உறவின்முறை'யோட பேச்சு வடிவம்னு சொல்வாங்க. அப்படின்னா 'சொல்லக் கூடாது'ன்னு தடுத்த சொல்தான் விருந்தினரை விட நெருக்கமான சொந்தம்!